ஸ்டூடியோ பையனின் வானம்

எங்கள் விடுதியின் ஐந்தாம் மாடி நடைபாதையின் கோடியில் நின்றால் வடகிழக்கே கோலாலம்பூர் நகரம் தெரியும். இரட்டைக் கோபுரம், கோலாலம்பூர் கோபுரம், அவை இரண்டையும் தாண்டி உயர்ந்து நிற்கும் மெர்டேக்கா 118. கடந்த ஆண்டு ஜூன் மாதத்தில் மூன்று இரவுகள் அந்தக் கோடியில் முக்காலியை நிறுத்தி, இந்தக் கட்டடங்களுக்கு மேலே விண்மீன்கள் செல்லும் தடத்தைப் படமெடுக்க முயன்றேன். அந்த முயற்சியில்தான் எட்வர்ட் எமர்சன் பார்னார்ட் என்ற மனிதர் எனக்கு அறிமுகமானார். அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. வானியல் படித்தவர்களுக்கு அவர் பெயர் தெரியும். நம்மில் பலருக்குத் தெரியாது.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. கேமராவின் கதவை நீண்ட நேரம் திறந்து வைத்தால் ஒவ்வொரு விண்மீனும் ஒரு கோடாக விழும். காட்டிலோ மலையிலோ என்றால் ஒரே படமாக எடுத்துவிடலாம். நகரத்தில் அது நடவாது. விளக்கு வெளிச்சத்தில் இரண்டு நிமிடத்திலேயே படம் வெளுத்துவிடும். அதனால் 30 விநாடிப் படங்களாக ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, பிறகு கணினியில் அடுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் அதிக ஒளியுள்ளதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 230 படங்கள். முதல் இரவு நாற்பதாவது நிமிடத்தில் லென்ஸில் பனி படிந்தது. இரண்டாம் இரவு மேகம். மூன்றாம் இரவு பதினொரு மணி முதல் ஒரு மணி வரை வானம் இரக்கம் காட்டியது. மேலைநாட்டுப் படங்களில் விண்மீன்கள் துருவ விண்மீனைச் சுற்றி முழு வட்டமிடும். நாம் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருப்பதால் அந்த வட்டத்தின் மையம் நமக்கு அடிவானத்தில் கிடக்கிறது. எனவே என் படத்தில் கோடுகள் கட்டடங்களுக்குப் பின்னாலிருந்து நேராக எழுந்து மெல்ல இடப்பக்கம் வளைந்தன. மொத்தம் முப்பது கோடுகள் இருந்திருக்கும். அவற்றில் மிகப் பிரகாசமானது வேகா, நம்மவர் அபிசித்து என்று சொல்வது.

படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் பதின்மூன்று வயதில் தெலுக் இந்தானில் ஒரு புகைப்படக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. இருட்டறையில் படங்களைக் கழுவுவதும் கம்பியில் காயப்போடுவதும் அவர் வேலை. பிறகு பெரிதாக்கவும் கற்றுக்கொண்டார். டிஜிட்டல் வந்தபின் கடை மூடப்பட்டது. இப்போது ஒரு தொழிற்சாலையில் காவலாளியாக இருக்கிறார். படத்தைப் பார்த்துவிட்டு, எவ்வளவு நேரம் வெளிச்சம் காட்டினாய் என்று மட்டும் கேட்டார். இரண்டு மணி நேரம் என்றதும், அந்தக் காலத்தில் இதைக் கையால் செய்தவர் யாராவது இருந்தார்களா என்றார். அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்க் கிடைத்தவர்தான் பார்னார்ட். ஆனால் அவர் செய்தது என் வேலைக்கு நேர் எதிரானது. நான் விண்மீன்களைக் கோடாக்க உட்கார்ந்திருந்தேன். அவர் விண்மீன்கள் கோடாகிவிடக் கூடாதே என்று இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்.

பார்னார்ட் 1857 டிசம்பர் 16ஆம் நாள் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் நகரில் பிறந்தார். அவர் பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். தாய் எலிசபெத் மெழுகுப் பூக்கள் செய்து விற்று இரண்டு மகன்களை வளர்த்தார். மூன்று வயதில் உள்நாட்டுப் போர் வந்தது. பசி, நோய், பீரங்கிச் சத்தம் ஆகியவற்றுக்கு நடுவே கழிந்தது அவர் குழந்தைப் பருவம். பள்ளிக்கூடத்தில் அவர் இருந்தது இரண்டே மாதங்கள். எழுத்தும் வாசிப்பும் தாய் சொல்லிக்கொடுத்தவை.

ஒன்பது வயது நிறைவதற்குள், 1866இல், அவரை வான் ஸ்டாவரன் என்பவரின் புகைப்பட ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்த்தார்கள். அக்காலத்தில் படத்தைப் பெரிதாக்க மின்விளக்கு கிடையாது. சூரிய ஒளிதான் விளக்கு. கட்டடத்தின் கூரைமேல் ஒரு பெரிய கருவி இருந்தது. சூரிய ஒளியைத் திரட்டி, கண்ணாடித் தகட்டின் வழியே காகிதத்தில் பாய்ச்சும் கருவி அது. ஒரு படம் பதிய நெடுநேரம் ஆகும். அதற்குள் சூரியன் நகர்ந்துவிடும். ஆகவே ஒருவர் பக்கத்தில் நின்று கைப்பிடிகளைச் சிறிது சிறிதாகத் திருப்பி, கருவி சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும்படி செய்ய வேண்டும். காலை முதல் மாலை வரை இதுதான் வேலை. பார்னார்டுக்கு முன் அந்த வேலைக்கு வந்த பையன்கள் வெயிலில் தூங்கிவிட்டார்களாம். இந்தப் பையன் தூங்கவில்லை. அந்தக் கருவிக்கு ஸ்டூடியோவில் ஜூப்பிடர், அதாவது வியாழன், என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள்.

கூரையில் நின்ற பையன் ஒன்றைக் கவனித்தான். மாதா கோவிலின் நண்பகல் மணி அடிக்கும்போது சூரியன் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஆண்டின் சில மாதங்களில் முந்துகிறது, சில மாதங்களில் பிந்துகிறது. கடிகார நேரத்துக்கும் சூரிய நேரத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு வானியலில் நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று. ஆனால் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் எவரும் இல்லை. இரவில் வேலை முடிந்து இருண்ட தெருக்களில் வீட்டுக்கு நடக்கும்போது மஞ்சள் நிற விண்மீன் ஒன்று மற்றவற்றுக்கிடையே மெல்ல இடம் மாறுவதையும் கண்டான். அது சனிக்கோள் என்று அவனுக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

1876இல் தெரிந்த இளைஞன் ஒருவன் அவரிடம் இரண்டு டாலர் கடன் வாங்கினான். திருப்பித் தராத பேர்வழி. ஈடாக ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். பணம் போயிற்றே என்ற எரிச்சலில் பார்னார்ட் அதைச் சில நாட்கள் திறக்கவே இல்லை. திறந்தபோது அது தாமஸ் டிக் எழுதிய வானியல் நூல். உள்ளே விண்மீன் வரைபடங்கள் இருந்தன. சன்னலருகே நின்று வானத்தையும் வரைபடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சிறு வயதிலிருந்து தலைக்கு மேல் பார்த்துப் பழகிய அந்த வெண்ணிற விண்மீனுக்கு வேகா என்று பெயர் இருப்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

அடுத்து அவர் செய்தது நம் வீடுகளில் யாரும் அனுமதிக்காத காரியம். ஐந்து அங்குலத் தொலைநோக்கி ஒன்றை 380 டாலருக்கு வாங்கினார். அது அவருடைய ஆண்டு வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு. நோயாளித் தாயை வைத்துக்கொண்டு இப்படிச் செய்ததை என்னவென்று சொல்வது? எனக்கு இன்னும் முடிவு தெரியவில்லை.

1877இல் அமெரிக்க அறிவியல் சங்கத்தின் கூட்டம் நாஷ்வில்லில் நடந்தது. அதன் தலைவராக வந்திருந்தவர் சைமன் நியூகம், அக்கால அமெரிக்க வானியலாளர்களில் முதல்வர். ஸ்டூடியோ பையன் துணிச்சலுடன் அவரை அணுகி, என் தொலைநோக்கியை வைத்து நான் என்ன செய்யலாம் என்று கேட்டார். கணிதம் தெரியாமல் இத்துறையில் பயனுள்ள எதையும் செய்ய முடியாது என்பது நியூகம் தந்த பதிலின் சாரம். பார்னார்ட் ஒரு தூணின் பின்னால் போய் நின்று அழுதார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணத்தைச் சொல்லிவிடுவது நல்லது. நான் இயற்பியல் மாணவன். முதல் பருவத்தில் நுண்கணிதத் தாளில் தோற்றிருந்தேன். தமிழ்ப்பள்ளியில் பின்னம் என்று படித்ததைப் புகுமுக வகுப்புக்குப் போனதும் பெச்சாஹான் என்று படித்தேன். இங்கே வந்தபின் அதற்கு ஆங்கிலத்தில் இன்னொரு பெயர். மொழியின்மீது பழி போட்டுத் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. எனக்கு முன்னே இதே வழியில் வந்த அக்காமார்கள் நன்றாகத்தான் தேறியிருக்கிறார்கள். ஆனால் இயற்பியல் உனக்கு ஒத்துவருமா என்று யோசித்துப் பார் என ஒருவர் சொன்னபோது, துறை மாறுவதற்கான பாரத்தை வாங்கி மேசைக்குள் வைத்துவிட்டேன். நட்சத்திரப் படம் எடுக்கப் போனதே அந்தப் பாரத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான். இதை வீட்டில் சொல்லவில்லை.

பார்னார்ட் அழுது முடித்த பிறகு தம் சொற்பச் சம்பளத்தில் ஓர் ஆசிரியரை அமர்த்திக் கணிதம் கற்கத் தொடங்கினார். பகலில் ஸ்டூடியோ, மாலையில் கணக்கு, இரவில் தொலைநோக்கி. கணிதத்தில் அவர் பெரும்புலவராகிவிட்டார் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும், உண்மை அப்படியில்லை. கடைசி வரை அவர் கண்ணால் பார்ப்பவர்தான், கோட்பாடு வகுப்பவர் அல்லர். தேவையான அளவு கற்றார், அவ்வளவுதான்.

1881இல் ரோடா கால்வர்ட் என்பவரை மணந்தார். ஸ்டூடியோவில் உடன் பணியாற்றிய சகோதரர்களின் சகோதரி அவர். கணவரைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். அந்தக் காலத்தில் வார்னர் என்ற செல்வந்தர், புதிய வால்நட்சத்திரம் கண்டுபிடிக்கும் அமெரிக்கருக்கு 200 டாலர் பரிசு அறிவித்திருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பார்னார்ட் ஒன்றைக் கண்டுபிடித்தார். பரிசுப் பணத்தில் நிலம் வாங்கி, மீதிக்குக் கடன் எழுதிக் கொடுத்து வீடு கட்டினார்கள். கடன் தவணை நெருங்கும்போதெல்லாம் எப்படியோ இன்னொரு வால்நட்சத்திரம் அகப்பட்டது. வால்நட்சத்திர வீடு என்றே அது பெயர் பெற்றது. வாழ்நாளில் பதினாறு வால்நட்சத்திரங்கள் வரை அவர் கண்டுபிடித்தார்.

இந்தப் புகழைக் கண்டு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1883இல் அவரை அழைத்தது. அங்குள்ள சிறிய வானாய்வகத்தைப் பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்பது ஏற்பாடு. பதினேழு ஆண்டுகள் வேலை செய்த ஸ்டூடியோவை விட்டு, இரண்டு மாதப் பள்ளிப் படிப்போடு, மணமான இருபத்தைந்து வயது மனிதர் பல்கலைக்கழகத்தில் நுழைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து வெளியே வந்தார்.

1888இல் கலிபோர்னியாவின் ஹாமில்டன் மலையில் லிக் வானாய்வகம் திறக்கப்பட்டது. அங்கே 36 அங்குலத் தொலைநோக்கி இருந்தது. லென்ஸால் இயங்கும் தொலைநோக்கிகளில் அன்றைய உலகில் அதுவே பெரியது. பார்னார்டுக்கு அங்கு வேலை கிடைத்தது, ஆனால் பெரிய தொலைநோக்கி கிடைக்கவில்லை. இயக்குநர் ஹோல்டனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. கையில் கிடைத்தது சான்பிரான்சிஸ்கோ ஸ்டூடியோ ஒன்றில் ஆட்களின் முகங்களை எடுக்கப் பயன்பட்ட ஆறு அங்குல வில்லார்ட் லென்ஸ். வேறொருவராக இருந்தால் அவமானமாக நினைத்திருப்பார். ஸ்டூடியோவில் வளர்ந்தவருக்கு அதன் அருமை தெரிந்தது. முகம் எடுக்கும் லென்ஸ் அதிக ஒளியை வாங்கும். அகலமான பரப்பைக் காட்டும். பெரிய தொலைநோக்கியில் பால்வீதியின் ஒரு துளிதான் தெரியும். இந்த லென்ஸில் அதன் வடிவமே விழும்.

1889 ஆகஸ்டில் அவர் அந்த லென்ஸைப் பால்வீதியின் தனுசுப் பகுதிக்குத் திருப்பி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒளி காட்டினார். லென்ஸுடன் ஒரு சிறு தொலைநோக்கி பிணைக்கப்பட்டிருந்தது. அதற்குள் குறுக்குக் கம்பிகள். அந்தக் கம்பிகளின் சந்திப்பில் ஒரு விண்மீனை நிறுத்தி, அது அணுவளவு விலகினாலும் கையால் திருகித் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. சற்றுத் தவறினால் ஆயிரக்கணக்கான விண்மீன்களும் கோடுகளாகிவிடும். யோசித்துப் பார்த்தால் இது கூரைமேல் பார்த்த அதே வேலை. அன்று சூரியன், இன்று விண்மீன். தகட்டைக் கழுவியபோது, விண்மீன்கள் மேகங்களைப்போல் திரண்டும் இடையிடையே கருமை ஓடியும் கிடந்த பால்வீதி தெரிந்தது. அதுவரை எவரும் அதை அப்படிப் பார்த்ததில்லை.

பெரிய தொலைநோக்கிக்காக அவர் மேலிடத்தில் முறையிட்டு, 1892இல் வாரத்தில் ஓர் இரவு, வெள்ளிக்கிழமை, பெற்றார். செப்டம்பர் 9, வெள்ளி இரவு, வியாழன் கோளின் பேரொளிக்கு அருகில் மங்கிய புள்ளி ஒன்றைக் கண்டார். வியாழனின் ஐந்தாவது நிலவு அது. 1610இல் கலிலியோ நான்கைக் கண்டதற்குப்பின் 282 ஆண்டுகளில் கிடைத்த முதல் நிலவு. இன்று அமால்தியா என்று அழைக்கப்படுகிறது. அதற்குப்பின் வியாழனுக்குக் கண்டறியப்பட்ட நிலவுகள் எல்லாம் புகைப்படமோ விண்கலமோ மின்னணுக் கருவியோ காட்டியவை. வெறும் கண்ணைத் தொலைநோக்கியில் வைத்துக் கண்ட கடைசி நிலவு இதுதான். ஜூப்பிடர் என்ற கருவியைத் திருப்பிக்கொண்டிருந்த பையனுக்கு ஜூப்பிடர் தந்த கூலி என்று நான் நினைத்துக்கொள்வேன். அடுத்த மாதமே, 1892 அக்டோபர் 12இல், புகைப்படத் தகட்டின் வழியாக ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அம்முறையில் கண்டறியப்பட்ட முதல் வால்நட்சத்திரம் அது. பிறகு அது தொலைந்துபோய், 2008 அக்டோபரில்தான் மீண்டும் அகப்பட்டது.

1895இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அதன் யெர்கஸ் வானாய்வகத்தின் 40 அங்குலத் தொலைநோக்கி 1897இல் தயாரானது. அந்த மே மாதம் ஓர் இரவு அவர் வேலை முடித்துப் போன சில மணி நேரத்தில் தொலைநோக்கி அறையின் மேலேறி இறங்கும் தளம் முழுவதும் இடிந்து விழுந்தது. தப்பித்தார். விஸ்கான்சின் குளிர் உறைநிலைக்கு வெகு கீழே போகும். ஆனாலும் தொலைநோக்கி அறையில் கணப்பு வைக்க முடியாது, சூடான காற்று அலைந்தால் பிம்பம் கலங்கிவிடும். தலைவாசலில் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு சுற்றிய நம்மால் அதை நினைத்தும் பார்க்க முடியாது.

நம் பக்கத்துக்கு அவர் ஒருமுறை வந்திருக்கிறார். 1901 மே 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் சுமத்ராவில் தெரிந்தது. அமெரிக்கக் கடற்படை வானாய்வகக் குழுவோடு வந்து, மலாக்கா நீரிணைக்கு அப்புறம் சோலோக் என்னும் ஊரில் நீண்ட கேமராவை நிறுவிப் பல வாரம் காத்திருந்தார். ஏறத்தாழ ஆறு நிமிடம் நீடித்த அந்தக் கிரகணத்தின்போது சரியாக மேகம் வந்து மூடிக்கொண்டது. பாதி உலகத்தைச் சுற்றிவந்து வெறுங்கையோடு திரும்பினார். இந்த வட்டாரத்து மேகத்தைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும்.

பால்வீதிப் படங்களில் தெரிந்த கருமைகள் அவரைப் பல ஆண்டுகள் வதைத்தன. அவை விண்மீன்கள் இல்லாத ஓட்டைகளா, அல்லது முன்னால் நிற்கும் ஏதோ ஒன்று பின்னாலுள்ள ஒளியை மறைக்கிறதா? ஓட்டை என்பதே பழைய கருத்து. அவரும் முதலில் அப்படித்தான் எண்ணினார். ஒரு கோடை இரவில் சிறு மேகத் துண்டுகள் பால்வீதியின் குறுக்கே கறுப்பாக மிதந்துபோவதைப் பார்த்தார். தம் தகடுகளில் உள்ள கருமைகளைப் போலவே அவை இருந்தன. 1919இல் இத்தகைய 182 கரும்பகுதிகளின் பட்டியலை வெளியிட்டார். அவை தூசும் வாயுவும் கலந்த முகில்கள் என்றும், புதிய விண்மீன்கள் அவற்றுக்குள்தான் பிறக்கின்றன என்றும் பிற்கால அறிவியல் உறுதிசெய்தது.

1916இல் பழைய தகட்டையும் புதிய தகட்டையும் ஒப்பிட்டபோது ஒரு மங்கிய விண்மீன் நகர்ந்திருப்பதைக் கண்டார். வானில் மிக விரைவாக இடம் மாறும் விண்மீன் அது. இன்று பார்னார்ட் விண்மீன் என்று பெயர். நம்மிடமிருந்து ஆறு ஒளியாண்டு தொலைவில் உள்ளது. அதைச் சுற்றிக் கோள்கள் இருப்பது 2024, 2025ஆம் ஆண்டுகளில் உறுதியாயிற்று.

1914இல் நீரிழிவு நோய் கண்டு ஓராண்டு இரவு வேலை தடைசெய்யப்பட்டது. நீரிழிவைவிட அந்தத் தடைதான் அவரை வருத்தியிருக்கும். 1921இல் ரோடா காலமானார். பிள்ளைகள் இல்லை. 1923 பிப்ரவரி 6ஆம் நாள் பார்னார்ட் இறந்தார். நாஷ்வில்லில் மனைவியருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய பால்வீதிப் பட நூல் அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப்பின், 1927இல் வெளிவந்தது. ரோடாவின் சகோதரர் மகள் மேரி கால்வர்ட்டும் இயக்குநர் ஃபிராஸ்டும் அதை முடித்து வைத்தார்கள். அச்சில் நுட்பம் கெட்டுவிடும் என்று பார்னார்ட் ஒப்பவில்லை. ஒவ்வொரு பிரதியிலும் அச்சுப்படத்துக்குப் பதிலாக உண்மையான புகைப்படமே ஒட்டப்பட வேண்டும் என்றார். 51 படங்கள், 700 பிரதிகள். மொத்தம் 35,700 படங்கள். அத்தனையையும் அவர் தாமே ஒன்றொன்றாகப் பார்த்துத் தேர்ந்தார். குறையுள்ளவற்றைத் திருப்பி அனுப்பினார்.

தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது இந்த நூலின் பக்கங்களைக் கணினியில் அப்பாவுக்குக் காட்டினேன். நுண்கணிதத் தாளைப் பற்றியும் அன்றுதான் சொன்னேன். அவர் அதற்கு உடனே ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படங்களைப் பார்த்தார். விண்மீன்களைவிட்டு ஓரங்களையே பார்த்தார், கறை இருக்கிறதா, காய்ந்தது சரியா என்று. மறுதேர்வு எப்போது என்று இடையில் கேட்டார், ஜனவரியில் என்றேன். 35,700 என்ற எண்ணைச் சொன்னதும் நிமிர்ந்தார். அவ்வளவையும் கழுவியது யார் என்றார். சிகாகோவில் ஒரு புகைப்பட நிறுவனம் செய்துகொடுத்தது என்றேன். அப்படியென்றால் அங்கே குழாயடியில் நாலைந்து பையன்கள் நின்றிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த படத்தைப் போடச் சொன்னார்.